தன் கண்ணால் படித்தவர்: பண்டித ரமாபாயும் விவிலியமும்

பள்ளிப் பாடநூல்களில் பண்டித ரமாபாய் சமூக சீர்திருத்தப் பாடத்தில் ஓரிரு வரிகளில் வந்துபோவார். விதவைகளுக்கு இல்லம் நடத்தியவர், பெண்கல்விக்குப் பாடுபட்டவர் என்று படித்திருப்போம். 'பொருத்துக' பகுதியில் அவர் பெயருக்கு எதிரே 'சாரதா சதன்' என்று எழுதி ஒரு மதிப்பெண்ணும் வாங்கியிருப்போம். எங்கள் வீட்டில் அவர் வேறு ஆள். ஓய்வுநாள் பள்ளியில் கதை சொன்ன என் அம்மாவுக்கு ரமாபாய் ஒரு விசுவாச வீராங்கனை. பஞ்சத்தில் அநாதையான பிள்ளைகளை ஜெபத்தாலேயே காப்பாற்றியவர்.

இந்த இரண்டு ரமாபாய்களுமே உண்மைதான். ஆனால் இருவரிடமும் ஒன்று விடுபட்டிருக்கிறது. ரமாபாய் படித்தவர். சமஸ்கிருதத்தில் சாஸ்திரங்களைப் படித்தார், சந்தேகப்பட்டார். கிறிஸ்தவரான பிறகு திரித்துவத்தைப் பற்றிக் கேள்வி கேட்டு, தன்னை ஞானஸ்நானத்துக்கு வழிநடத்திய கன்னியாஸ்திரியோடு கடிதம் கடிதமாகச் சண்டை போட்டார். நாற்பது வயதைக் கடந்தபின் எபிரேயமும் கிரேக்கமும் கற்று, முழு விவிலியத்தையும் மராத்தியில் மொழிபெயர்த்தார். சீர்திருத்த வரலாறு எழுதியவர்களுக்கு அவருடைய விசுவாசம் சங்கடம். சபை வரலாறு எழுதியவர்களுக்கு அவருடைய கேள்விகள் சங்கடம். இரு தரப்பும் ஆளுக்குப் பாதியை வெட்டிவிட்டார்கள்.

எனக்கு அவர் முழுசாகத் தேவைப்பட்டதற்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண்கள் கூட்டத்தில், சபையில் பெண்கள் பேசக்கூடாது என்று வரும் கொரிந்தியர் முதல் நிருபத்தின் 14ஆம் அதிகாரத்தைப் படித்துக்கொண்டிருந்தோம். இதே நிருபத்தின் 11ஆம் அதிகாரத்தில் பெண்கள் ஜெபம் செய்வதையும் தீர்க்கதரிசனம் சொல்வதையும் பவுல் இயல்பாக எடுத்துக்கொண்டுதானே பேசுகிறார், இரண்டையும் எப்படிச் சேர்த்துப் படிப்பது என்று கேட்டேன். கூட்டத்தை நடத்தியவர் சிரித்துக்கொண்டே, "ரொம்ப ஆராயாதீங்கம்மா, விசுவாசம் குறைஞ்சிடும்" என்றார். அதே வாரம் பெண்ணியம் பேசும் தோழி ஒருத்தி என் பையில் இருந்த பைபிளைப் பார்த்துவிட்டு, "இன்னுமா இதைப் படிக்கிற?" என்றாள். ஒருவருக்கு நான் கேள்வி கேட்பது பிடிக்கவில்லை, மற்றவளுக்கு நான் விசுவாசியாக இருப்பது பிடிக்கவில்லை. இரண்டையும் ஒருசேர வைத்துக்கொண்டு வாழ்ந்த ஒரு பெண்ணைத் தேடித்தான் ரமாபாயிடம் போனேன்.

ரமாபாய் 1858இல், மேற்குத் தொடர்ச்சி மலையின் கங்காமூலா காட்டில் பிறந்தார். அப்பா அனந்த சாஸ்திரி டோங்ரே சமஸ்கிருதப் பண்டிதர். தன் மனைவி லட்சுமிபாய்க்கு சமஸ்கிருதம் சொல்லிக்கொடுத்ததற்காக ஊராரின் எதிர்ப்பைச் சம்பாதித்தவர். பெண்ணுக்கு சமஸ்கிருதம் கற்பிப்பது சாஸ்திர விரோதம் அல்ல என்று பண்டிதர் சபை முன் வாதாட வேண்டி வந்தது. ரமாபாய்க்குப் பாடம் சொன்னது அம்மா. பன்னிரண்டு வயதுக்குள் பாகவத புராணத்தின் 18,000 சுலோகங்களும் அந்தப் பெண்ணுக்கு மனப்பாடம். ஆனால் அந்தத் துணிச்சல்கார அப்பாவும் ஓர் இடத்தில் நின்றுவிட்டார். இதிகாச புராணங்கள் வரை சரி, வேதம் பெண்ணுக்கு இல்லை.

1874இல் பஞ்சத்தின் பிடியில், சில மாத இடைவெளிக்குள் அப்பா, அம்மா, அக்கா மூவரும் இறந்தார்கள். மிஞ்சிய அண்ணன் ஸ்ரீநிவாஸோடு ரமாபாய் கால்நடையாகவே இந்தியா முழுக்க அலைந்து 1878இல் கல்கத்தா போய்ச் சேர்ந்தார். அங்கே பண்டிதர்கள் அவரைச் சோதித்துப் பார்த்து 'பண்டிதா', 'சரஸ்வதி' என்ற பட்டங்களைக் கொடுத்தார்கள். அப்போது அவருக்கு வயது இருபது.

கல்கத்தாவில் நடந்த மூன்று விஷயங்களை ரமாபாய் பிற்காலத்தில், 1907இல் வெளியான தன் சாட்சி நூலில், நினைவுகூர்கிறார். முதலாவது, ஒரு கிறிஸ்தவக் கூட்டத்தில் அவருக்கு சமஸ்கிருத விவிலியம் ஒன்றைக் கொடுத்தார்கள். அவ்வளவு சமஸ்கிருதம் படித்தவருக்கு அது புரியவில்லை. தான் அறிந்த சமஸ்கிருதத்திலிருந்து அந்த மொழிநடை அவ்வளவு விலகியிருந்தது. இரண்டாவது, பிரம்ம சமாஜத் தலைவர் கேசப் சந்திர சென் வேதம் படித்திருக்கிறாயா என்று கேட்டார். பெண்கள் படிக்கக்கூடாதே என்றார் இவர். சென் ஒரு வேத நூலைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லி அனுப்பினார்.

மூன்றாவதுதான் முக்கியமானது. சாஸ்திரப்படி பெண்களின் கடமை என்ன என்று திரைக்குள் வாழும் பெண்களுக்குப் போய்ச் சொல்லும்படி பண்டிதர்கள் அவரைக் கேட்டுக்கொண்டார்கள். அதற்காக ரமாபாய் தர்ம சாஸ்திரங்களை முதன்முறையாக உட்கார்ந்து படித்தார். மற்ற எல்லா விஷயத்திலும் ஒன்றுக்கொன்று முரண்படும் அந்த நூல்கள் ஒரு விஷயத்தில் மட்டும் ஒரே குரலில் பேசுவதைக் கண்டார். எந்தச் சாதிப் பெண்ணானாலும் பெண் இயல்பிலேயே கெட்டவள். பெண்ணுக்கும் சூத்திரருக்கும் மோட்சத்துக்கு நேர்வழி கிடையாது. பெண்களுக்கு அடக்கம் போதிக்கப் படிக்கச் சொன்ன நூல்களே அவரை அங்கிருந்து நகர்த்திவிட்டன.

அண்ணனும் 1880இல் இறந்தார். அதே ஆண்டு ரமாபாய் சாதி விட்டு, பிபின் பிஹாரி மேதாவி என்ற வங்காள வழக்கறிஞரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். அசாமின் சில்சாரில் குடித்தனம். வீட்டுப் புத்தகங்களுக்கிடையே வங்காள மொழியில் லூக்கா நற்செய்திப் பிரதி ஒன்று கிடந்தது. சமஸ்கிருதத்தில் புரியாதது வங்காளத்தில் புரிந்தது. கணவருக்கு அது பிடிக்கவில்லை. 1882 பிப்ரவரியில் அவர் காலராவில் இறந்தார். பத்து மாதம்கூட நிரம்பாத மகள் மனோரமாவோடு ரமாபாய் புனே திரும்பினார்.

மருத்துவம் படிக்க வேண்டும் என்று 1883இல் இங்கிலாந்து போனார். வாண்டேஜ் ஊரில் ஆங்கிலிக்கன் கன்னியாஸ்திரிகளின் மடத்தில் தங்கினார். காது கேட்பது குறைவாக இருந்ததால் மருத்துவப் படிப்பு நடக்கவில்லை. அந்த மடத்தார் அவரை லண்டன் ஃபுல்ஹாமில் தாங்கள் நடத்திய ஓர் இல்லத்துக்கு அழைத்துப்போனார்கள். சமூகம் 'கெட்டுப்போனவர்கள்' என்று ஒதுக்கிய பெண்கள் அங்கே மரியாதையோடு நடத்தப்பட்டார்கள். எது உங்களை இதைச் செய்ய வைக்கிறது என்று ரமாபாய் கேட்க, ஒரு சகோதரி யோவான் நற்செய்தியின் நான்காம் அதிகாரத்தை, சமாரியப் பெண்ணின் கதையைப் படித்துக்காட்டினார்.

அந்தக் கதையை ஒருமுறை நினைத்துப்பாருங்கள். யூதர்கள் தீண்ட விரும்பாத இனத்தைச் சேர்ந்தவள். ஐந்து கணவர்களைக் கண்டவள் என்று ஊர் பேசும் பெண். உச்சி வெயிலில் கிணற்றடியில் அவளிடம் இயேசு தண்ணீர் கேட்கிறார். பிறகு அவளோடு பேசுவது இறையியல்! எந்த மலையில் தொழுவது சரி என்று அவள் கேட்க, அவர் பதில் சொல்கிறார். பெண்ணுக்கு நேர்வழி இல்லை என்று படித்துவிட்டு வந்த ஒருவருக்கு அந்தக் கிணற்றடி என்னவாகத் தெரிந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல. 1883 செப்டம்பர் 29 அன்று ரமாபாயும் மகளும் ஞானஸ்நானம் பெற்றார்கள்.

புனேயில் கொந்தளிப்பு. பண்டிதை மதம் மாறிவிட்டாள் என்று சீர்திருத்தக்காரர்களே கசந்தார்கள். ஜோதிராவ் பூலே மட்டும் 1885இல் எழுதிய 'சத்சார்' பிரசுரங்களில் ரமாபாயின் பக்கம் நின்றார். படித்த பெண் ஏன் வெளியேறினாள் என்பதை உயர்சாதி ஆண்கள் தங்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதே அவருடைய வாதம்.

சபை வரலாறுகள் பெரும்பாலும் ஞானஸ்நானத்தோடு கதையை முடித்துவிடும். உண்மையில் படிப்பு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. 1884இல் ரமாபாய் செல்டன்ஹாம் பெண்கள் கல்லூரிக்குப் போனார். அங்கிருந்து அவரும் வாண்டேஜின் சிஸ்டர் ஜெரால்டினும் எழுதிக்கொண்ட கடிதங்கள் 1977இல் மகாராஷ்டிர அரசின் இலக்கியப் பண்பாட்டு வாரியத்தால் நூலாக வந்தன. இறையியல் படிக்கும் ஒவ்வொரு பெண்ணும் அந்த நூலைப் பார்க்க வேண்டும்.

ஜெரால்டின் எதிர்பார்த்தது கீழ்ப்படிதல். ரமாபாய் கேட்டது ஆதாரம். திரித்துவக் கோட்பாடு விவிலியத்தில் எங்கே அப்படிச் சொல்லப்பட்டிருக்கிறது என்று கேட்டார். நம்பாதவர்கள் எல்லாரும் அழிவார்கள் என்று சொல்லும் அத்தனாசியு விசுவாச அறிக்கையைத் தன்னால் மனசாட்சியோடு சொல்ல முடியாது என்றார். சிலுவையில் ஏன் லத்தீன் எழுத்து, சமஸ்கிருதத்தில் இருக்கட்டுமே என்றார். பிராமணர்கள் சமஸ்கிருதத்தைத் தேவபாஷை என்று நினைப்பதுபோல நீங்கள் லத்தீனை நினைக்கிறீர்களா என்று ஒரு குத்தலும் வைத்தார். ஒரு புரோகிதக் கூட்டத்தின் நுகத்திலிருந்து பெரும்பாடுபட்டு இப்போதுதான் கழுத்தை எடுத்திருக்கிறேன், இன்னொரு நுகத்தின் கீழ் கழுத்தை வைக்க மாட்டேன் என்ற பொருளில் அவர் எழுதியதுதான் அந்தக் கடிதங்களின் மையம்.

இதற்குக் கிடைத்த பெயர் கர்வம். ஆண் மாணவர்களுக்கு ரமாபாய் பாடம் நடத்துவதாக ஒரு பேச்சு வந்தபோது லாகூர், பம்பாய் பேராயர்கள் கூடாது என்றார்கள். இந்தியாவில் அவருடைய நற்பெயர் கெட்டுவிடுமாம். என் அப்பாவுக்கும் என் கணவருக்கும் இல்லாத ஆட்சேபம் ஆங்கிலேயர்களுக்கு ஏன் என்று ரமாபாய் வியந்தார். கல்லூரி முதல்வர் டோரதியா பீல் மட்டும் வேறு மாதிரி. கேள்விகளை அடக்கினால் அவை தீராது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. உட்கார்ந்து பதில் எழுதினார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது, ரமாபாய் கிறிஸ்துவை விட்டுப் போகவில்லை என்பது. கேள்வி கேட்டால் விசுவாசம் போய்விடும் என்ற பயம் அவருக்கு இல்லை. பிறகு, 1890களின் தொடக்கத்தில் தனக்கு இன்னோர் ஆழமான மனமாற்றம் நிகழ்ந்ததாகவும், அதுவரை கிறிஸ்தவ மதத்தைத்தான் கண்டிருந்தேன், கிறிஸ்துவை அல்ல என்றும் அவரே எழுதினார். முன்பு மறுத்த சில கோட்பாடுகளைப் பிறகு ஏற்றுக்கொண்டார். ஆனால் யாரும் அதட்டி ஏற்றுக்கொள்ளவில்லை. தன் நேரத்தை எடுத்துக்கொண்டு, படித்து, தானே போய்ச் சேர்ந்தார்.

ரமாபாய் தனியாளும் இல்லை. அமெரிக்காவின் கனெக்டிகட்டில் ஜூலியா ஸ்மித் என்ற பெண் எபிரேயம், கிரேக்கம், லத்தீன் மூன்றிலிருந்தும் விவிலியத்தைத் தானே மொழிபெயர்த்து 1876இல் சொந்தச் செலவில் அச்சிட்டார். வாக்குரிமை தராத ஊருக்கு வரி கட்ட மாட்டோம் என்று தங்கையோடு சேர்ந்து நின்று, பசுமாடுகளை ஜப்தியில் பறிகொடுத்தவர் அவர். எலிசபெத் கேடி ஸ்டான்டன் தோழிகளோடு சேர்ந்து 'பெண்களின் விவிலியம்' என்ற விளக்கவுரையை 1895இலும் 1898இலும் இரு பகுதிகளாக வெளியிட்டார். அவர் தலைமை தாங்கியிருந்த வாக்குரிமைச் சங்கமே 1896இல் தீர்மானம் போட்டு அந்த நூலோடு தனக்குத் தொடர்பில்லை என்றது. ஸ்டான்டன் திருச்சபைக்கு வெளியே நின்று விமர்சித்தார். ஸ்மித்தும் ரமாபாயும் உள்ளே இருந்துகொண்டு மூலமொழியைக் கையில் எடுத்தார்கள்.

1889இல் இந்தியா திரும்பிய ரமாபாய் பம்பாயில் சாரதா சதனைத் திறந்தார். அடுத்த ஆண்டு அது புனேவுக்கு மாறியது. ரமாபாய் அறைக் கதவைத் திறந்துவைத்து ஜெபம் செய்வதும், விரும்பிய பெண்கள் வந்து உட்காருவதும் 1893இல் பெரும் சர்ச்சையானது. ரானடே, பண்டார்கர் போன்ற ஆலோசகர்கள் விலகினார்கள். இங்கே ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த இல்லம் முதலில் உயர்சாதி விதவைகளுக்காகத் தொடங்கப்பட்டது. சாதி ஆசாரம் காக்க வசதியும் செய்து தரப்பட்டது. 1887இல் அவர் அமெரிக்காவில் வெளியிட்ட புகழ்பெற்ற நூலின் தலைப்பே 'உயர்சாதி இந்துப் பெண்' என்பதுதான். அந்த எல்லையை உடைத்தது பஞ்சம். 1896-97 பஞ்சத்தில் மத்திய மாகாணங்களிலிருந்து நூற்றுக்கணக்கான பெண்களும் சிறுமிகளும் வந்து சேர்ந்தபோது, புனேவுக்கு அருகில் கேட்காவில் முக்தி மிஷன் உருவானது. பல சாதிப் பெண்கள் ஒரே கூரையின் கீழ் வந்தார்கள்.

இந்தப் பெண்களோடு விவிலியம் படிக்க உட்கார்ந்தபோது ரமாபாய்க்குப் பழைய கல்கத்தா சிக்கல் திரும்ப வந்தது. அப்போதிருந்த மராத்தி மொழிபெயர்ப்பு சமஸ்கிருதச் சொற்கள் மண்டிய ஏட்டுநடையில் இருந்தது. கிராமத்திலிருந்து வந்த, அப்போதுதான் எழுத்துக்கூட்டத் தொடங்கியிருந்த பெண்ணுக்கு அது எட்டவில்லை. சமஸ்கிருதம் தெரிந்த ரமாபாய்க்கு அந்தச் சொற்கள் எங்கிருந்து வருகின்றன, எந்தெந்தத் தத்துவங்களைச் சுமந்து வருகின்றன என்பதும் தெரியும். ஆகவே மூலத்துக்கே போவது என்று முடிவெடுத்தார். எபிரேயமும் கிரேக்கமும் படித்தார். சாதாரணப் பெண்கள் பேசும் மராத்தியில், ஒற்றை ஆளாக, முழு விவிலியத்தையும் மொழிபெயர்த்தார். கணக்குவழக்கு, கிணறு வெட்டுவது, வயல், நூற்றுக்கணக்கானவர்களின் சாப்பாடு இவற்றுக்கு நடுவே பல ஆண்டுகள் நடந்த வேலை இது.

அச்சகமும் முக்தியிலேயே இருந்தது. எழுத்துக் கோர்த்தவர்கள், அச்சிட்டவர்கள், மடித்தவர்கள், தைத்துக் கட்டியவர்கள் எல்லாரும் பெண்கள். அவர்களில் பலர் முக்திக்கு வந்த நாளில் எழுத்தே அறியாதவர்கள். 1921இல் மகள் மனோரமா இறந்தார். அச்சுப்படி திருத்தும் வேலையைக் கடைசி நாட்கள் வரை செய்துகொண்டிருந்த ரமாபாய் 1922 ஏப்ரல் 5 அன்று இறந்தார். முழு விவிலியமும் 1924இல் வெளிவந்தது.

அந்த மொழிபெயர்ப்பு சபைகளில் பரவலாக நிலைபெறவில்லை. பழைய பதிப்பே தொடர்ந்தது. பிற்கால ரமாபாயின் விசுவாசமும் பல பெண்ணியர்களுக்கு நெருக்கமானதல்ல; 1905இல் முக்தியில் எழுந்த எழுப்புதல் கூட்டங்களின் அழுகையையும் ஆர்ப்பரிப்பையும் விளக்கத் தெரியாமல் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகும் ஆய்வாளர்கள் உண்டு. எனக்கும் அதில் எல்லாம் உடன்பாடில்லை. ஆனாலும் அவர் செய்ததன் பொருள் குறையவில்லை. தன்னிடம் புரோகிதர் செய்ததை அவர் மற்ற பெண்களிடம் செய்யவில்லை. நான் படித்துச் சொல்கிறேன், நீ கேட்டுக்கொள் என்று நிற்காமல், நீயே படி என்று நூலை அவர்கள் மொழியில் இறக்கிவைத்தார்.

தமிழில் இதற்கு ஒரு தனி அர்த்தம் இருக்கிறது. நாம் விவிலியத்தை நெடுங்காலமாக 'வேதாகமம்' என்கிறோம். வேதம், ஆகமம் என்ற இரண்டு சொற்களுமே பெண்களுக்கும் ஒடுக்கப்பட்ட சாதிகளுக்கும் எட்டாத உயரத்தில் வைக்கப்பட்டிருந்தவை. அந்தப் பெயரோடு ஒரு நூல் நம் பாட்டிமார் மடிக்கு வந்தது பெரிய விஷயம்தான். ஆனால் சீகன்பால்கு, பப்ரிசியுஸ், இரேனியுஸ், பவர் என்று தமிழ் விவிலியத்தின் மொழிபெயர்ப்பாளர்களாக நாம் அறிந்த பெயர்கள் ஆண்களுடையவை. இன்று பெண்கள் இறையியல் கல்லூரிகளில் படிக்கிறார்கள். தென்னிந்தியத் திருச்சபைக்கு 2013இல் ஈ. புஷ்பலலிதா முதல் பெண் பேராயரானார். ஆனாலும் சாதாரண வாரக் கூட்டத்தில் ஒரு பெண் மூலமொழியில் இந்தச் சொல் என்ன என்று கேட்டால், இன்னும் அறை ஒரு நொடி அமைதியாகிவிடுகிறது.

மூலமொழி ஏன் முக்கியம் என்பதற்கு ரோமர் நிருபத்தின் 16ஆம் அதிகாரம் ஒன்றே போதும். அங்கே பெபேயாள் என்ற பெண்ணை பவுல் 'தியாகோனோஸ்' என்கிறார். அதே சொல் பவுலுக்கும் அப்பொல்லோவுக்கும் வரும்போது 1611ஆம் ஆண்டின் ஜேம்ஸ் அரசர் ஆங்கில விவிலியம் அதை 'ஊழியர்' என்ற மதிப்பான பொருளில் தருகிறது. பெபேயாளுக்கு வரும்போது 'வேலைக்காரி' என்ற பொருள் தரும் சொல்லைப் போடுகிறது. அதே அதிகாரத்தில் அப்போஸ்தலருக்குள் பெயர்பெற்றவராகச் சொல்லப்படும் யூனியாவை நான்காம் நூற்றாண்டின் கிறிசோஸ்தோம் பெண்ணாகவே புரிந்துகொண்டு பாராட்டினார். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அச்சான கிரேக்கப் பதிப்புகள் அந்தப் பெயரை ஆண்பெயராக்கி வைத்திருந்தன. படிக்கிறவர்கள் கவனிக்காவிட்டால் ஒரு பெண் இப்படி ஓர் எழுத்துக் குறியில் காணாமல் போய்விடுவாள்.

அந்தக் கூட்டத்துக்குப் பிறகு நாங்கள் ஐந்து பேர் தனியாக, சனிக்கிழமை மாலைகளில், ஒரு அக்காவின் சமையலறை மேசையில் உட்காரத் தொடங்கினோம். பழைய திருப்புதல், 1995இல் வந்த திருவிவிலியம், எபிரேயச் சொல்லடைவு ஒன்று. நாங்கள் யாரும் ரமாபாய் அல்ல. எபிரேய எழுத்துகளையே இப்போதுதான் அடையாளம் காண்கிறோம். ஆதியாகமம் இரண்டாம் அதிகாரத்தில் ஏவாளைக் குறிக்க வரும் 'துணை' என்ற சொல்லைத் தேடிக்கொண்டிருந்தோம். எபிரேயத்தில் அது 'ஏசெர்'. அதே சொல் வேறெங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டே போன அக்கா, 121ஆம் சங்கீதத்தில் விரலை வைத்து நிறுத்தினார். எங்கள் வீடுகளில் பயணம் கிளம்பும்போதும், ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் சொல்கிற சங்கீதம் அது. கடவுளிடமிருந்து வரும் 'ஒத்தாசை' என்று நாங்கள் சின்ன வயதிலிருந்து மனப்பாடமாகச் சொல்லும் இடத்தில் இருப்பதும் அதே ஏசெர்தான். தமிழில் இரண்டு வேறு சொற்களாகிவிட்டதால் எங்கள் யாருக்கும் இத்தனை வருடம் தெரியவில்லை.

அக்காவுக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "துணைன்னா எடுபிடின்னுதானே இத்தனை நாள் பிரசங்கம் பண்ணாங்க? அப்படின்னா சங்கீதத்துல கர்த்தர் நமக்கு எடுபிடியா?"

சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரமானது. அப்புறம் அவரே புத்தகத்தைத் திரும்ப எடுத்து, அந்தச் சொல் வரும் அடுத்த இடத்தைத் தேட ஆரம்பித்தார்.